கோப்பு கைமாறும் இடம்: பலதுறைச் சுகாதாரப் பணியாளர்களின் பொதுவான கற்றல் தேவையைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

பினாங்கில் பயிற்சித் திட்டம் போடும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் முதலில் செய்கிறார்கள். "உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று ஒரு கூகுள் படிவம் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார்கள்.

நானும் அதைத்தான் செய்தேன். தாதியர் காயப் பராமரிப்பு கேட்டார்கள். மருத்துவர்கள் ஈசிஜி கேட்டார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர்கள் நீதிமன்ற வழக்குக்கு ஆவணம் தயாரிக்கக் கற்றுத்தரச் சொன்னார்கள். எழுத்தர்களுக்கு எக்செல். எல்லாமே நியாயமானவை, ஆனால் ஒன்றும் பொதுவானதில்லை. எல்லாரும் எழுதியிருந்த ஒரே சொல் 'தொடர்புத்திறன்'. அதை நம்பி இரண்டு நாள் பட்டறை நடத்தினோம். கருத்துப் படிவத்தில் அதிகம் பாராட்டப்பட்டது மதிய உணவு.

தனித்தனி விருப்பப் பட்டியல்களைக் கூட்டினால் பொதுத் தேவை வராது. ஒருவர் முடித்த வேலை அடுத்தவர் கைக்குப் போகும் இடத்தில்தான் அது இருக்கிறது. அந்த இடத்தைத் தேடிப் போகும் படிகளைக் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். முக்கியமாக, படிவம் ஆறாவது படியில்தான் வருகிறது. கை எவ்வளவு துறுதுறுத்தாலும் அதற்கு முன் அனுப்பாதீர்கள்.

உதாரணத்துக்குக் கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சலையே முழுக்க எடுத்துக்கொள்கிறேன். நமக்கு அது நாள்தோறும் வரும் வேலை.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு கடிதம். முடிவுகளைச் செயல்படுத்தும் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். அதில் இரண்டு வாக்கியம் இருந்தால் போதும்: இதில் சொல்லும் எதுவும் ஆண்டு மதிப்பீட்டில் சேராது, தனிநபர் பதில் மேலதிகாரி பார்வைக்குப் போகாது. இந்த உறுதி இல்லாவிட்டால் எல்லாரும் எல்லாவற்றிலும் தேர்ந்தவர்கள் என்றுதான் பதில் வரும்.

அடுத்து, ஒரு மணிக்கணக்கு. 2005ஆம் ஆண்டின் பொதுத்துறைப் பயிற்சிக் கொள்கை ஆண்டுக்கு ஏழு நாள் பயிற்சியை நிர்ணயித்தது. நடைமுறையில், பயிற்சிக்கென்று கிடைக்கும் நேரத்தில் பெரும்பகுதியை ஒவ்வொரு பிரிவின் சொந்தப் பயிற்சியே எடுத்துக்கொள்ளும். மீதி எத்தனை மணி நேரம் என்று முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேவையைக் கண்டுபிடித்துவிட்டு நேரமில்லை என்று கைவிரித்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஆட்களின் பட்டியல். பதவிப் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள்; அந்த வேலை யார் கை வழியாகப் போகிறது என்று பார்த்து எழுதுங்கள். மருத்துவர், மருத்துவ உதவி அதிகாரி, தாதி, சமூகத் தாதி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், இன்ஸ்பெக்டர், கொசுவைக் கொல்லப் புகை அடிக்கும் பொதுச் சுகாதார உதவியாளர், பூச்சியியல் அதிகாரி, சுகாதாரக் கல்வி அதிகாரி ஆகியோர் நினைவுக்கு வந்துவிடுவார்கள். வழக்கமாக விடுபடுவது இருவர்: பதிவுக் கவுண்டர் எழுத்தரும் வண்டி ஓட்டுநரும். எந்த அடுக்குமாடியில் காவலர் உள்ளே விடமாட்டார், எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு நெரிசல் என்பதெல்லாம் ஓட்டுநருக்குத்தான் தெரியும்.

மாநகர் மன்ற ஆட்களும் வேண்டும். தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு மாநகராட்சியின் சுகாதாரத் துறை. இவர்கள் வேறு முதலாளியின் கீழ் இருப்பவர்கள் என்பதால் தனிக் கடிதம் தேவை. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, முடிந்துபோன பத்துக் கோப்புகளின் நகல், நோயாளியின் பெயரும் அடையாள எண்ணும் மறைக்கப்பட்டு. பின்னர் இதைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் துளி இருந்தாலும், தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து நெறிமுறை ஒப்புதலை இப்போதே வாங்குங்கள். தகவல் திரட்டிய பிறகு வாங்க வழியில்லை.

2. ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

'பொதுச் சுகாதாரத்தில் நம் தேவை என்ன' என்று தொடங்கினால் பதிலும் அதே அகலத்தில்தான் வரும். குறைந்தது நான்கு பிரிவுகளைத் தொடுகிற, அடிக்கடி வருகிற, முடிவு கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலை போதும். டிங்கி அறிவிப்பு, காசநோயாளியுடன் பழகியவர்களைத் தேடுதல், பள்ளி விடுதியில் உணவு நச்சு விசாரணை, எதுவானாலும் சரி.

அண்மையில் புகார் வெடித்த விஷயத்தை மட்டும் எடுக்காதீர்கள். எல்லாரும் தற்காப்பில் இருப்பார்கள்.

3. பத்துக் கோப்புகளின் பின்னால் நடங்கள்

பெரிய தாளைக் குறுக்காக வைத்து ஒரு கோடு இழுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாள் ஒரு முனையில், கோப்பு மூடப்பட்ட நாள் மறுமுனையில். இடையில் ஒவ்வொரு கை மாறும்போதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தேதியும் நேரமும், யார், அவருக்கு என்ன வந்தது, அவர் என்ன அனுப்பினார். கோப்பு நின்றுபோன இடத்தையும் திரும்பி வந்த இடத்தையும் சிவப்பில் வட்டமிடுங்கள்.

இப்போது பல நாடுகளில் பேசப்படும் '7-1-7' என்ற இலக்கும் இதே வகைப் பார்வைதான்: பரவலை ஏழு நாளில் கண்டறி, ஒரு நாளில் அறிவி, ஏழு நாளில் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி. அது பெரிய பரவல்களுக்கான அளவுகோல்; ஒற்றை நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. தேதிகளை அக்கம்பக்கமாக எழுதிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அதிலிருந்து கடன் வாங்குங்கள். டிங்கிக்கு நம்மிடம் சட்டமே கெடு வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

எங்கள் பத்தில் மூன்றாவது கோப்பு நினைவில் நிற்கிறது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை செய்யும் இளைஞர். அறிவிப்பு 24 மணி நேரத்துக்குள் போய்விட்டது. புள்ளிவிவரத்தில் குறையே இல்லை. ஆனால் கவுண்டரில் அடையாள அட்டையைப் பார்த்து முகவரி பதிந்திருந்தார்கள். அட்டையில் இருந்தது கெடாவில் உள்ள அவருடைய அம்மா வீடு. அறிவிப்பு அங்கே போனது, அங்கிருந்தவர்கள் தேடிப் போனார்கள், பையன் இங்கே இல்லை என்று அம்மா சொன்னார், கோப்பு திரும்பியது. அவர் உண்மையில் தங்கியிருந்த விடுதிக்குப் புகை அடிக்கும் குழு போவதற்குள் அதே மாடியில் இன்னொருவருக்கும் காய்ச்சல்.

இன்னொரு கோப்பில் முகவரி சரி, ஆனால் வீட்டு எண் '3-12-5'. மூன்றாவது புளோக், பன்னிரண்டாவது மாடியா? அல்லது மூன்றாவது மாடியா? ஒவ்வோர் அடுக்குமாடியிலும் ஒவ்வொரு வழக்கம். இரண்டு மின்தூக்கி, ஒரு மணி நேரம் வீண்.

அதற்கடுத்தது தேதி. "காய்ச்சல் எப்போது தொடங்கியது?" என்று கேட்டால் நம் மக்கள் பலர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்த நாளைச் சொல்வார்கள். முந்தின இரண்டு இரவு உடம்பு சுட்டதெல்லாம் அவர்கள் கணக்கில் வெறும் அசதி. கொசு கடித்து நான்கிலிருந்து பத்து நாளுக்குள் காய்ச்சல் வருகிறது என்பதால், எங்கே கடித்திருக்கும் என்ற கணக்கு முழுக்க அந்தத் தேதியில் தொங்குகிறது. ஒரே வட்டாரத்தில் 14 நாளுக்குள் இரண்டு பேர் என்றால் அது பரவல்; தேதி இரண்டு நாள் நழுவினால் பரவலே தாளில் காணாமல் போகலாம்.

இந்த மூன்று வட்டத்திலும் தன் வேலையைச் செய்யாதவர் என்று யாருமில்லை. எழுத்தர் அட்டையில் உள்ளதைப் பதிந்தார். மருத்துவர் நோயாளி சொன்ன தேதியை எழுதினார். இன்ஸ்பெக்டர் வந்த முகவரிக்குப் போனார். தான் நிரப்பும் கட்டத்தை அடுத்தவர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

4. தெரியாததையும் முடியாததையும் பிரியுங்கள்

வட்டமிட்ட எல்லாம் கற்றல் தேவை ஆகாது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கோளாறு எதைக் கண்டாலும் அதற்கு ஒரு கோர்ஸ் போட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அவருடைய சொந்தப் பிள்ளையின் கோப்பாக இருந்தால் சரியாகச் செய்திருப்பாரா? செய்திருப்பார் என்றால் அறிவு இருக்கிறது. தடை வேறெங்கோ உள்ளது. செய்யத் தெரிந்திருக்காது என்றால் மட்டுமே அது உங்கள் பட்டியலுக்கு வரும்.

எங்கள் பதிவுத் தாளில் ஒரே ஒரு முகவரிக் கட்டம்தான் இருந்தது. 'இப்போது தங்கியிருக்கும் இடம்' என்று இன்னொரு கட்டம் சேர்ப்பது அச்சகத்துக்கான வேலை, பயிற்சிக்கான வேலை இல்லை. பகலில் வீடுகள் பூட்டிக் கிடப்பதால் ஆய்வு தள்ளிப்போனால், அதற்குப் பணிநேரத்தை மாற்ற வேண்டும். ஆனால் எந்த முகவரியைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பது கற்க வேண்டியது.

பயிற்சியால் தீராதவற்றைத் தனித் தாளில் எழுதி அன்றே மேலதிகாரியிடம் கொடுங்கள். ஒன்றிரண்டாவது உடனே சரியானால், அடுத்த படியில் ஆட்கள் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்கள்.

5. முதலில் பிரிவு பிரிவாகப் பேசுங்கள்

ஒரே பிரிவைச் சேர்ந்த ஆறேழு பேர், முக்கால் மணி நேரம். எடுத்த எடுப்பில் எல்லாரையும் கலந்து உட்கார வைத்தால் மருத்துவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

திங்கள் காலை வேண்டாம். கிளினிக் நிரம்பி வழியும். வெள்ளிக்கிழமை 12.15 முதல் 2.45 வரை தொழுகை இடைவேளை, அதைத் தொடாதீர்கள். பெருநாள்களை ஒட்டிய வாரங்களில் பாதிப் பேர் விடுப்பில் இருப்பார்கள். பேச்சு மலாயில் தொடங்கும். நடுவில் தமிழுக்கோ ஹொக்கியனுக்கோ தாவினால் தடுக்காதீர்கள், உண்மை பெரும்பாலும் அந்தத் தாவலில்தான் வரும்.

'உங்களுக்கு என்ன தேவை' என்ற கேள்வியை இங்கும் கேட்க வேண்டாம். பதிலாக இந்த மூன்று: கடைசியாக ஒரு கோப்பு உங்களிடம் திரும்பி வந்தபோது என்ன நடந்தது? உங்களுக்கு முன்னால் இருப்பவர் எதைக் கேட்டு வைத்திருந்தால் உங்கள் வேலை லேசாகும்? நீங்கள் அனுப்பும் தாளை அடுத்தவர் என்ன செய்கிறார்? மூன்றாவது கேள்விக்கு அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகை அடிக்கும் குழுவில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, மருந்து கலக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம். எந்த மாடி என்று மட்டும் சரியாக எழுதச் சொல்லுங்கள்." இதை 'தரவுத் தரம்' என்று மாற்றி எழுதிவிடாதீர்கள். அவர் சொன்னபடியே எழுதுங்கள். ஆறாவது படியில் இந்தச் சொற்களே படிவத்தின் வரிகளாகப் போகின்றன.

6. இப்போது படிவம்

பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மதிப்பெண், 1 முதல் 7 வரை: என் வேலைக்கு இது எவ்வளவு முக்கியம், இதை இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறேன். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி, உலகச் சுகாதார நிறுவனம் வழியாகப் பரவிய ஹென்னெசி-ஹிக்ஸ் பயிற்சித் தேவைப் படிவத்தின் முறை இது. அதில் 30 வரிகள் உண்டு. களத்தில் நிற்பவரிடம் முப்பதை நீட்டினால் பத்துக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் 5 போடுவார்.

வரிகள் செயலாக இருக்கட்டும். 'நோயாளியிடம் காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்டு உறுதிசெய்தல்' என்றால் மதிப்பெண் போடலாம். 'தொடர்புத்திறன்' என்றால் எல்லாருக்கும் 6.

கணக்கு எளிது. முக்கியத்துவத்திலிருந்து செயல்திறனைக் கழித்து, வந்த இடைவெளியை முக்கியத்துவத்தால் பெருக்குங்கள்; 1980இல் கல்வி ஆய்வாளர் போரிச் முன்வைத்த வழி இதுதான். ஒரு வரிக்கு முக்கியத்துவம் 6.4, செயல்திறன் 4.1 என்றால் இடைவெளி 2.3, பெருக்கினால் 14.7. இன்னொரு வரிக்கு 3.8, 1.5 என்றாலும் இடைவெளி அதே 2.3தான், ஆனால் பெருக்கினால் 8.7. பெருக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். 40 தாதியரின் இடைவெளி 0.5, பத்து இன்ஸ்பெக்டர்களின் இடைவெளி 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சராசரி 1. அந்த ஐம்பது பேரில் ஒருவருக்கும் பொருந்தாத எண் அது. பிரிவுக்கு ஒரு நிரை போடுங்கள்.

இரண்டு மூன்று பேரே உள்ள பிரிவுக்குப் படிவம் கொடுப்பதில் பொருளில்லை. பெயர் எழுதாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும், முதல் படியில் கொடுத்த வாக்கு உடைந்துவிடும். அவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

7. எது பொதுத் தேவை என்று முடிவு செய்யுங்கள்

குறைந்தது மூன்று பிரிவுகளில் மேலே நிற்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது கைமாறும் இடத்துக்கு முன்னாலும் ஒன்றாவது பின்னாலும் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்ட விதி இது. இதில் தேறியவை மூன்று வகையாகப் பிரியும். பிரிக்காமல் விட்டால் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் அடைத்து ஒரே பாடத்தை ஓதிவிடுவோம்.

முதல் வகையில் விஷயமும் ஒன்று, ஆழமும் ஒன்று. முகவரியும் தேதியும் இப்படி. எழுத்தர் முதல் மருத்துவர் வரை ஒரே பாடம் போதும்.

இரண்டாம் வகையில் விஷயம் ஒன்று, ஆழம் வேறு. டிங்கியின் அபாய அறிகுறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக் கசிவு, அசாதாரணச் சோர்வு. மருத்துவருக்கு இது நீர்ச்சத்து ஏற்றும் கணக்கு வரை போகும். எழுத்தருக்கு யாரை வரிசையில் காக்கவைக்கக் கூடாது என்பது போதும். வீடு வீடாகப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு செய்தி உயிர்காக்கும்: டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் எழுந்து உட்கார முடியவில்லை" என்று ஒரு வீட்டில் கேட்டால், நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டக் கூடாது.

மூன்றாம் வகைதான் எனக்குப் பிடித்தது, படிவத்தில் சிக்காததும் அதுதான். ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது வேறு, ஆனால் ஒருவர் அறிவு இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு வட்டாரத்தில் கொசுப் புழு கிடைத்ததெல்லாம் சாமி மேடைப் பூச்சாடியிலும் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டிலும் என்று பூச்சியியல் பிரிவின் தாளில் இருந்தது. அதே வட்டாரத்தில் விநியோகித்த துண்டறிக்கையில் பழைய டயர் படம். டயர் இல்லாத வீட்டுக்காரர்கள் தங்களுக்கு இல்லை என்று மடித்து வைத்துவிட்டார்கள். இதற்கு ஆசிரியர் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. இரண்டு பிரிவும் ஒருவருக்கொருவர் ஆசிரியர். மூன்றாம் படியின் வட்டங்களையும் ஐந்தாம் படியின் அமைதியையும் வைத்துத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

8. கலந்து உட்கார்ந்து வரிசைப்படுத்துங்கள்

இப்போது எல்லாப் பிரிவிலிருந்தும் ஒருவர் இருவரைக் கூப்பிடலாம். மேலதிகாரி தொடங்கிவைத்துவிட்டு வெளியே போய்விடுவது நல்லது.

பத்து நிமிடம் எல்லாரும் பேசாமல் எழுதட்டும். பிறகு சுற்றுமுறையில் ஆளுக்கு ஒன்று. பதவியில் இளையவரிடமிருந்து சுற்று தொடங்கட்டும், ஏனென்றால் பெரியவர் சொன்ன பிறகு யாரும் வேறு சொல்வதில்லை. பலகையில் எழுதி, விளக்கம் மட்டும் கேளுங்கள், வாதம் வேண்டாம். கடைசியில் இரகசியமாக ஆளுக்கு ஐந்து தேவைகளுக்கு 5 முதல் 1 வரை மதிப்பெண்.

கூட்டுத்தொகையோடு, எத்தனை பிரிவு மதிப்பெண் போட்டது என்பதையும் எண்ணுங்கள். ஒரே பிரிவு கொடுத்த 10ஐவிட நான்கு பிரிவுகள் கொடுத்த 8 உங்களுக்கு மேல்.

9. தேவையை ஒரு வாக்கியமாக எழுதுங்கள், பிறகு பயிற்சியைப் பற்றி யோசியுங்கள்

யார், எந்த இடத்தில், எதைச் செய்ய, ஏன் என்று நான்கும் இருக்கட்டும். 'பணியாளர்களின் தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்துதல்' உதவாது. 'காய்ச்சலோடு வருபவர் கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கினார், உடம்பு முதலில் எந்த இரவு சுட்டது என்பதைக் கவுண்டர், தாதி, மருத்துவர் மூவரும் கேட்டு எழுதக் கற்க வேண்டும். களக் குழு அதை வைத்துத்தான் போகும் இடத்தை முடிவு செய்கிறது.' இப்படி எழுதிவிட்டால் வழி தானே தெரியும்.

பல நேரம் அந்த வழி பட்டறையாக இருக்காது. நாங்கள் கவுண்டர் எழுத்தர் ஒருவரை ஒரு காலைப்பொழுது இன்ஸ்பெக்டரோடு அனுப்பினோம். மின்தூக்கி பழுதான ஓர் அடுக்குமாடியில் தவறான மாடி வரை ஏறி இறங்கிவிட்டு வந்தார். அன்று மாலையே கவுண்டர் கண்ணாடியில் மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் ஒரு துண்டுச்சீட்டு: 'நேற்று இரவு எங்கே தூங்கினீர்கள்?'

முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதி, இரண்டு வாரத்துக்குள் பேசிய எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், ஓட்டுநர் உட்பட. பயிற்சி நடந்து மூன்று மாதம் கழித்துப் புதிதாகப் பத்துக் கோப்புகள் எடுத்து, அதே தாள், அதே சிவப்புப் பேனா. முகவரிக் கட்டத்தில் வட்டம் இன்னும் விழுகிறதென்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். தெரியாததாக நீங்கள் எண்ணியது முடியாததாக இருந்திருக்கும். விழவில்லையென்றால் அடுத்த வட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.